கண்ணூறுக்கு ஒட்டிய முகம்

றப்பே மாமியின் வாய் நேற்று இவ்வளவு திறந்திருக்கவில்லை.

அப்னா கைபேசியைக் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுவந்து பார்த்தாள். தூரப் பிடித்தும் பார்த்தாள். பக்கத்து வளவில் றாஹிலா மாமி வீட்டுத் தறிகள் டக்கடக், டக்கடக் என்று ஓடிக்கொண்டிருந்தன. குசினியில் சூரைமீன் ஆணம் கொதிக்கிற வாசமும், வெளியே கொடியில் காய்கிற சாயநூலின் புளித்த வாசமும் வெயிலோடு சேர்ந்து அறைக்குள் வந்து நின்றன. எல்லாம் வழக்கம்போலத்தான் இருந்தது. அந்த வாய் மட்டும்தான் வேறு மாதிரி இருந்தது. மேல்வரிசைப் பற்கள் மட்டும் தெரிகிற வாய் அது. அப்னாவுக்குத் தெரியாதா? விரல் நுனியால் விளிம்பு பிடித்து அந்த முகத்தை வெட்டியெடுத்தவளே அவள்தான். இப்போது கீழ்வரிசைப் பற்களும் தெரிந்தன. நாக்கும் கொஞ்சம் தெரிந்தது.

பொழுது போகாத யாரோ ஒருத்தி மாற்றியிருப்பாள் என்று முதலில் நினைத்தாள். ஸ்டிக்கர் என்றால் அப்படித்தான். ஒருத்தி செய்வாள், இன்னொருத்தி அதன்மேல் கைவைப்பாள். ஆனால் அவள் பார்த்துக்கொண்டிருந்தது குழுவில் வந்த படத்தை அல்ல. தன் கைபேசியில் தானே சேமித்து வைத்திருந்த முதல் படத்தை.

மீம் செய்வது ஆண்பிள்ளைகளின் வேலை என்று எந்தக் கிதாபிலும் எழுதியிருக்கவில்லை. கணவன் றிஸ்மி கட்டாருக்குப் போன பிறகு, மகள் மின்ஹா நேசரிக்குப் போகத் தொடங்கிய பிறகு, அப்னாவின் காலைப்பொழுதுகள் சும்மா கிடந்தன. மருதமுனைப் பெண்களின் வட்ஸ்அப் குழுவில் எதற்கெடுத்தாலும் இந்தியப் படங்களின் நகைச்சுவை நடிகர்களுடைய முகங்களையே அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு நம்மூர்ச் சங்கதி என்ன தெரியும்? காஸ் கிடைக்காததற்கும், கல்யாண வீட்டில் கடைசிப் பந்திக்கு இறைச்சி முடிந்துபோனதற்கும் வாயைப் பிளக்க நம்மூர் மூஞ்சி ஒன்று வேண்டாமா? ஆனால் எவள் தன் முகத்தைத் தருவாள்? ஒரு பெண்ணின் முகத்தை வெட்டி ஊரெல்லாம் விட்டால், அடுத்த தொழுகை நேரத்துக்குள் அவளுடைய அண்ணன் தம்பிமார் வாசலில் வந்து நிற்பார்கள்.

அப்னா தன்னுடைய கல்யாண வீடியோவில்தான் அந்த முகத்தைக் கண்டுபிடித்தாள். பெண்கள் பகுதியில், கூட்டத்துக்குப் பின்னால், முக்காடு போட்ட ஒரு நடுவயதுப் பெண். வாய் ஆவென்று பிளந்து, வலது கையை நெஞ்சில் வைத்தபடி நின்றாள். ஆர் இது என்று உம்மாவிடம் கேட்டபோது, "எங்கட ஆக்கள் இல்ல கா. மாப்புள ஊட்டு ஆக்களாரிக்கும்" என்றாள் உம்மா சுஹறா. நிந்தவூரில் இருக்கிற மாமியாரிடம் கேட்டபோது, அவரும் தங்கள் ஆளில்லை என்றார். சண்டைக்கு வர ஆளில்லாத முகம். அப்னாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வெட்டியெடுத்து, அதிர்ச்சியில் படைத்தவனைக் கூப்பிடுகிற மாதிரி, கீழே 'எண்ட றப்பே!' என்று எழுதி அனுப்பினாள்.

அன்றிலிருந்து றப்பே மாமி இல்லாமல் அந்தக் கரையில் ஒரு பெண்ணுக்கும் கதை முடியாது என்றாகிவிட்டது. தலையில் காஸ் சிலிண்டர் வைத்த றப்பே மாமி. ஹெல்மட் போட்ட றப்பே மாமி. நோன்புப் பெருநாளைக்குக் கருகிய வட்டிலப்பத்தைப் பார்க்கிற றப்பே மாமி. கேட்கிறவர்களுக்குக் கேட்கிற மாதிரி உடுப்பையும் எழுத்தையும் மாற்றிக் கொடுத்தாள். முகத்தை மட்டும் அவள் ஒருநாளும் மாற்றியதில்லை.

முந்தாநாள் மின்ஹாவுக்கு நேசரியில் கலைவிழா. வெள்ளைச் சட்டையும் வண்ணத்துப்பூச்சிச் செட்டையும் போட்டு நின்ற பிள்ளையைப் படமெடுத்து ஸ்டேட்டஸில் போடப் போனபோது உம்மா குறுக்கே வந்தாள்.

"மூஞ்சிய மறச்சிப் போடு கா. ஆர்ர கண்ணு எப்பிடியெண்டு நமக்குத் தெரியுமா?"

எல்லாரும் மறைத்துத்தான் போடுவார்கள். ஒருத்தி ரோசாப்பூ ஒட்டுவாள், ஒருத்தி இதயம் ஒட்டுவாள். கண்ணூறு படாமலிருக்க அப்னா றப்பே மாமியை எடுத்து மகளின் முகத்தின்மேல் ஒட்டினாள். அளவெடுத்துத் தைத்த மாதிரி அது அங்கே போய்ப் பொருந்திக்கொண்டது. செட்டை கட்டிய சின்ன உடம்பு, அதன்மேல் வாய் பிளந்த மாமி. அப்னா கண்ணில் நீர் வரச் சிரித்தாள். மின்ஹா சிரிக்கவில்லை.

"உம்மா, இதில நான் எங்க?"

"இதுக்குப் பின்னால இரிக்கீங்க மகள்."

பிள்ளை படத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். "பின்னால இருட்டா இரிக்கி" என்றாள்.

அந்தச் சொல் இப்போது, இந்த மதியத்தில், ஆணம் கொதிக்கிற சத்தத்துக்கு நடுவே திரும்ப நினைவுக்கு வந்தது. அந்த நேரம் பார்த்துத்தான் றிஸ்மியின் குரல்பதிவும் வந்தது. வேலைத்தளத்தின் இரைச்சலுக்குள்ளிருந்து அவன் சிரித்துக்கொண்டு பேசினான்.

"என்னடி இது? ஊருக்கு மறச்சது சரி, எனக்கும் மறைக்கிறதா? புள்ளட மூஞ்சி தெரியிற படத்த அனுப்புடி."

அப்னா அவனுக்கு அனுப்பியது மறைக்காத படம். அவளுக்கு நிச்சயமாகத் தெரியும். அனுப்பியதைத் திறந்து பார்த்தாள். வெள்ளைச் சட்டை, செட்டை, றப்பே மாமி. கைபேசியில் மூலப்படத்தைத் தேடித் திறந்தாள். அதிலும் அதே முகம். ஒட்டிய முகம் என்றால் ஓரத்தில் வெட்டு தெரியும், வெளிச்சம் ஒவ்வாமல் நிற்கும். இதில் வெட்டு இல்லை. நேசரி வாசலின் வெயில் அந்தக் கன்னத்தில் சரியாக விழுந்திருந்தது. கழுத்துத் தோல் தாடையோடு ஒன்றாகச் சேர்ந்திருந்தது.

படத்தை அழித்தாள். முற்றத்துக்கு ஓடினாள். மின்ஹா மாமரத்தடியில் சிரட்டையில் மண் அள்ளிச் சோறாக்கிக்கொண்டிருந்தாள். அவளுடைய மூக்கு, அவளுடைய கண், விழுந்த முன்பல்லின் இடைவெளி. எல்லாம் இருந்தன. அப்னா பிள்ளையைத் தூக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். தேங்காயெண்ணெயும் வேர்வையும் கலந்த அந்த உச்சி வாசத்தை முகர்ந்தபோது தன் பயம் பைத்தியக்காரத்தனமாகத் தெரிந்தது.

அப்போது றாஹிலா மாமி வேலிக் கடப்பால் உள்ளே வந்தாள். கையில் ஒரு கிண்ணம் இருந்தது.

"அப்னா, கொஞ்சம் சீனி..."

மின்ஹா தாயின் தோளிலிருந்து தலையைத் திருப்பி அவளைப் பார்த்தாள்.

கிண்ணம் விழுந்தது. றாஹிலா மாமியின் வாய் ஆவென்று பிளந்தது. வலது கை நெஞ்சுக்குப் போயிற்று.

அப்னா அந்த முகத்தை ஆயிரம் தடவை பார்த்திருக்கிறாள். அதற்கு ஹெல்மட் போட்டிருக்கிறாள், கண்ணாடி போட்டிருக்கிறாள். உயிரோடு, மூச்சோடு, வெயிலில் வைத்துப் பார்த்தது இதுதான் முதல் தடவை.

"என்ன மாமி? என்ன?"

"ஒண்டுமில்ல மகள்." மாமி குனிந்து கிண்ணத்தைத் தேடினாள். அது காலடியிலேயே கிடந்தும் அவள் கை அதைத் தவறவிட்டது. "வெயிலாக்கும். கண்ண இருட்டிக்கி வந்திச்சி." சீனி வாங்காமலேயே போய்விட்டாள். அன்று பின்னேரம் முழுக்க அந்த வீட்டுத் தறி ஒன்று ஓடவில்லை.

நேசரி டீச்சருக்கும் அப்படித்தான் ஆயிற்று. மறுநாள் காலை வாசலில் பிள்ளையின் கையைப் பிடிக்கக் குனிந்தவள், நெஞ்சில் கைவைத்துக்கொண்டு பின்னால் போய்ச் சுவரில் மோதினாள். ஐஸ்கிரீம் விற்கிற பாயிஸுக்கும் அப்படித்தான். மணியடித்துக்கொண்டு வந்தவன் மின்ஹாவைக் கண்டதும் மணியை நிறுத்திவிட்டு, வாய் பிளந்தபடியே வண்டியைத் திருப்பிக்கொண்டு போனான். கேட்டால் ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லத் தெரியவில்லையா, சொல்லப் பயமா என்று அப்னாவால் கண்டுபிடிக்க முடியவில்லை. ஒன்று மட்டும் விளங்கியது. அவர்கள் பார்க்கிற எதையோ அவள் பார்க்கவில்லை. அவளுக்கு மின்ஹா மின்ஹாவாகத்தான் இருந்தாள்.

கைபேசிப் படங்களில் றப்பே மாமியின் முகம் பின்னோக்கிப் போய்க்கொண்டிருந்தது. கலைவிழாப் படத்துக்குப் பிறகு பெருநாள் படம். அதற்குப் பிறகு, கல்முனைக் கடற்கரையில் பட்டம் பிடித்துக்கொண்டு நின்ற படம். ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் இன்னுமொரு பழைய படத்தில் மகளின் முகம் போயிருந்தது. தொட்டில் படம் வரைக்கும் அது வந்துவிடுமோ என்று நடுங்கினாள். பார்க்காமலிருந்தால் நிற்குமென்று நினைத்துப் பார்க்காமல் இருந்தாள். பிறகு பார்த்தாள். தொட்டிலிலும் றப்பே மாமிதான் கிடந்தாள். வெள்ளைத் துணிக்குள், கைக்குழந்தையின் உடம்பில், அந்த வாய்.

குழுவில் எழுதினாள். 'அல்லாஹ்வுக்காக எல்லாரும் அந்த ஸ்டிக்கர அழிச்சிடுங்க. இனி ஒருத்தரும் அனுப்பாதீங்க.'

பதிலுக்கு ஒரு றப்பே மாமி வந்தது. அதன் பின்னால் இன்னொன்று. அவர்கள் பகிடி என்று நினைத்தார்கள். கைபேசி மேசையில் கிடந்து துடித்துக்கொண்டே இருந்தது. சாய்ந்தமருதிலிருந்து, கல்முனைக்குடியிலிருந்து, நிந்தவூரிலிருந்து, அவள் பெயரே கேள்விப்படாத பெண்களின் கையிலிருந்தெல்லாம் அந்த முகம் வந்து விழுந்தது. எத்தனை கைபேசிகளுக்குள் போய்த் தேடி அழிப்பாள்? நூலை அவிழ்த்து விட்டவள் அவள். இனிச் சுற்றியெடுக்க ஏலாது. கடைசியாக வந்ததில் புதிய எழுத்து இருந்தது.

'அப்னாட மகளப் பாத்தீங்களா?'

இதை ஆர் செய்தது என்று கேட்டாள்.

'நீதானே கா அனுப்பின' என்று பதில் வந்தது. 'உண்ட நம்பர்ல இருந்துதான் வந்திரிக்கி.'

உம்மாதான் பிள்ளையை அச்சிமுகம்மது லெப்பையிடம் கொண்டுபோகச் சொன்னாள். ஓதி ஊதினால் எதுவும் போய்விடும் என்றாள். அந்த முதியவர் கண்ணை மூடிக்கொண்டு ஓதினார். ஓதி முடித்து, ஊதுவதற்காகக் கண்ணைத் திறந்தார். ஊதவில்லை. அவருடைய கை மெல்ல மேலெழுந்து நெஞ்சுக்குப் போவதை அப்னா பார்த்துக்கொண்டே இருந்தாள். அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

"கொண்டு போங்க மகள். எனக்கு ஏலா."

"என்ன லெப்பை கண்டீங்க? சொல்லுங்களன்!"

"கொண்டு போங்க."

வரும் வழியெல்லாம் உம்மா பிள்ளைக்கு முன்னால் நடந்தாள். ஒரு தடவையும் திரும்பிப் பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் பையில் இரண்டு உடுப்பை வைத்துக்கொண்டு, தங்கச்சி வீட்டில் கொஞ்ச நாளைக்கு நின்றுவிட்டு வருவதாகச் சொன்னாள்.

"நீங்களும் கண்டீங்களா உம்மா?" என்று கேட்டாள் அப்னா.

உம்மா செருப்பை மாட்டிக்கொண்டு அழுதாள். "நீ மட்டும் காணாம இரிக்கிறியே, எண்ட புள்ள. அல்லாஹ் அப்பிடியே வச்சிருக்கட்டும்."

உம்மா போன பிறகு அப்னா மடிக்கணினியில் கல்யாண வீடியோவைப் போட்டாள். முகத்தை வெட்டியெடுத்தபோது அவள் அந்த முகத்தை மட்டும்தான் பார்த்தாள். வெட்டியெறிந்ததை அவள் பார்க்கவில்லை. இப்போது முழுவதையும் பார்த்தாள். பெண்கள் சிரிக்கிறார்கள், ஒருத்தி சர்பத் தட்டோடு போகிறாள், ஒரு குழந்தை அழுகிறது. அவர்களுக்குப் பின்னால் அந்தப் பெண். அவள் பார்வை போகிற திசையில்தான் மணமகளின் நாற்காலி இருந்தது. அப்படியென்றால் அவள் என்னைப் பார்த்துத்தான் வாய் பிளந்தாளா? அப்னா படத்தை நிறுத்தினாள். பெரிதாக்கினாள். இல்லை. அந்தக் கண்கள் மணமகளின் முகத்துக்குக் கீழே பார்த்தன.

மடியை.

அன்றைக்கு அவள் மடியில் ஒன்றும் இருக்கவில்லை. மருதாணி போட்ட இரண்டு கைகள்தான் இருந்தன. ஆனால் அப்னாவுக்கு வேறொன்று நினைவு வந்தது. அன்று நாற்காலியிலிருந்து எழும்ப முடியாமல் உம்மாவைக் கூப்பிட்டாள். கால் விறைத்துப் போச்சு உம்மா, மடியில ஆரோ இருந்த மாதிரி கனக்குது என்று சொன்னாள். எல்லாரும் சிரித்தார்கள். வெட்கத்தில் வந்த பாரம் என்றார்கள்.

உள்ளறையில் மின்ஹா ஏதோ முணுமுணுத்துப் பாடிக்கொண்டிருந்தாள். அப்னா மடிக்கணினியை மூடினாள். இனித் திறப்பதில்லை என்று நினைத்தாள்.

வெள்ளிக்கிழமை வந்தது. ஜும்ஆத் தொழுகைக்குப் பாங்கு சொன்னதும் பக்கத்து வளவுத் தறிகள் ஒவ்வொன்றாக நின்றன. தெருவில் மோட்டார் சைக்கிள்கள் பள்ளியை நோக்கிப் போய் ஓய்ந்தன. கடைப் பலகைகள் அடைந்தன. ஆண்கள் இல்லாத ஊரில், உச்சி வெயிலில், ஒலிபெருக்கியில் வரும் குத்பாப் பிரசங்கத்தின் குரல் மட்டும் கூரைகளின்மேல் போய்க்கொண்டிருந்தது. அப்னா கதவைச் சாத்தி, ஜன்னலையும் சாத்தினாள். அறைக்குள் வெக்கையும் அவளுடைய மூச்சுச் சத்தமும், உள்ளறையில் மின்ஹா முணுமுணுக்கிற பாட்டும்தான் இருந்தன.

கைபேசி அடித்தது. றிஸ்மி. வீடியோ அழைப்பு. அவள் எடுக்கவில்லை. மறுபடி அடித்தது. எடுத்தாள்.

அவன் அறையில், கட்டிலில் இருந்தான். கண் சிவந்திருந்தது. பின்னால் மேசை விசிறி ஒன்று சுற்றிக்கொண்டிருந்தது.

"புள்ள எங்க?"

"படுக்கிறா."

"பொய் சொல்லாத அப்னா. உண்ட உம்மா எல்லாம் சொல்லிட்டாங்க. புள்ளயக் காட்டு."

"வேணாம் மச்சான். தயவு செஞ்சி வேணாம்."

"அது எண்ட புள்ளடி." அவன் குரல் உடைந்தது. "ஊர்ல உள்ளவன் எதயும் காணட்டும். நான் வாப்பா. எனக்கு எண்ட புள்ளயத் தவிர வேற என்ன தெரியப்போகுது?"

அந்தச் சொல் அவளை அசைத்துவிட்டது. இத்தனை நாளும் அவள் தனியாக இருந்தாள். பிள்ளையைப் பிள்ளையாகக் காண இந்த உலகத்தில் இன்னொரு ஆள் இருந்தால் போதும். ஒரே ஒரு ஆள். தனக்குத் தெரிகிற அதே மூக்கும் கண்ணும் அவனுக்கும் தெரிந்தால், இருவருமாகச் சேர்ந்து எங்கேயாவது போய் அவளை வளர்த்துவிடலாம். அவன் வாப்பா அல்லவா? ஏன் தெரியாது? தெரியும். கட்டாயம் தெரியும்.

"மகள்" என்று கூப்பிட்டாள். "வாங்க. வாப்பா கதைக்கிறாரு."

உள்ளறையில் பாட்டு நின்றது. வெறுங்கால் சத்தம் வந்தது. மெதுவாக வந்தது. நாற்காலிக்குப் பின்னால் வந்து, பக்கவாட்டில் சுற்றி, அவள் மடியில் ஏறியது.

கனம்.

அன்றைய அதே கனம்.

அப்னா கைபேசியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. இரண்டு கைகளாலும் பிள்ளையை அணைத்துக்கொண்டாள். கைபேசி மேசையில் சாய்ந்து நின்றது.

றிஸ்மி சிரித்தான். "எண்ட மகள்..." என்று தொடங்கினான்.

நின்றான்.

அவனுடைய வாய் திறந்தது. மேல்வரிசைப் பற்கள். கீழ்வரிசை. நாக்கு. வலது கை எழும்பி நெஞ்சுக்கு வந்தது. அப்படியே இருந்தான். படம் உறைந்துவிட்டது, லைன்தான் இறுகிவிட்டது என்று அப்னா மனதுக்குள் மன்றாடினாள்.

அவனுக்குப் பின்னால் விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

"மச்சான்."

குத்பா முடிந்துவிட்டது. ஒலிபெருக்கி ஓய்ந்தது. வெளியே ஒரு காகம்கூடக் கத்தவில்லை. நெஞ்சில் சாய்ந்திருந்த தலையிலிருந்து தேங்காயெண்ணெய் வாசம் வந்தது.

"உம்மா" என்றது மடி. மின்ஹாவின் குரல். அவளுடைய குரல்தான். "நீங்களும் பாருங்க."

அப்னா பார்க்கமாட்டாள். உதட்டை இறுக்கிக் கடித்துக்கொண்டாள். கைகளைப் பிள்ளையின் முதுகில் கோர்த்து இறுக்கினாள். திரையை மட்டும் பார்த்தாள். பெரிய படத்தில் கணவன் அசையாமல் இருந்தான். மூலையில் சின்னச் சதுரத்தில் அவள் தெரிந்தாள்.

அந்தச் சதுரத்தில் அவளுடைய வாய் ஆவென்று பிளந்திருந்தது. வலது கை நெஞ்சில் இருந்தது. கண்கள் கீழே, மடியைப் பார்த்துக்கொண்டிருந்தன.

அப்னா இன்னும் குனியவில்லை.